இல்லை என்று சொல்லாத மெத்தட்

மல்லசமுத்திரத்துக் கமலவேணிக்குக் காய் விற்றவர்கள் அன்றைக்கு முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். இவள் அதோடு விடமாட்டாள். கூடைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியில் கிடப்பதை எடுத்து ஒடிப்பாள். மேலே பிஞ்சை அடுக்கி அடியில் முற்றலைப் போடுவது வியாபாரிகளின் பிறவிக்குணம் என்பது அவள் கட்சி. மகள் அறிவுச்செல்வி “சாப்பிட்டேன்மா” என்றால் தட்டைப் பார்ப்பாள். தட்டு கழுவியிருந்தால் சோற்றுக் குண்டாவைத் திறந்து பார்ப்பாள். அந்தப் பெண் இப்போதெல்லாம் சாப்பிட்டதும் குண்டாவை மூடாமலே வைத்துவிடுகிறாள்.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை கதிர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் மேனேஜர் என்று தரகர் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று, காபித் தம்ளரைக் கையில் கொடுத்த கையோடு, “நெசமாலுமே மேனேஜருங்களா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். கதிர் கொஞ்சமும் அசரவில்லை. “அது தரகர் சொன்னதுங்க. நான் வெல்டருங்க” என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் கழுத்தை நீட்டினாள். திருச்செங்கோட்டில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்த பெண் வெல்டருக்கு வாக்கப்பட்டதா என்று சொந்தக்காரர்கள் அளந்த கதையெல்லாம் அவள் காதில் ஏறவில்லை.

படிப்பு வெகுகாலம் பெட்டியிலேயே கிடந்தது. மகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு நாமக்கல்லில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து ஜாவா கற்றுக்கொண்டாள். அங்கேதான் கம்பைலரோடு பழக்கமானது. எழுதின புரோகிராமை ஓட விடுவதற்கு முன்னால் வரிவரியாகப் படித்து, இது எண் என்றாயே, இங்கே எழுத்து வைத்திருக்கிறாயே, இதற்கு என்ன அத்தாட்சி என்று குடைகிற சாமான் அது. கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் அதைத் திட்டித் தீர்த்தார்கள். கமலவேணிக்கோ, உலகத்தில் தன்னைவிடப் பெரிய சந்தேகக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததில் அப்படி ஒரு ஆறுதல். கம்பைலர் விட்டுவிட்டால் அதற்கப்புறம் அவளும் விட்டுவிடுவாள். அவள் வாழ்க்கையில் சோதித்துப் பார்க்காமல் நம்பியது அது ஒன்றைத்தான்.

வேலை கிடைத்தது பரமத்தி ரோட்டில், கோழிப்பண்ணைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் ஒரு சின்னக் கம்பெனியில். முதலாளி செங்கோட்டையன் தீவனக்கடைக் குடும்பத்தில் பிறந்து புரோகிராம் படித்தவர். தங்கமான மனுஷன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் யார் என்ன கேட்டாலும் “ஆகட்டுங்க” என்பார். லீவு கேட்டால் ஆகட்டுங்க. அதே நாளுக்கு அதே வேலையில் இருக்கும் இன்னொருத்தர் லீவு கேட்டாலும் ஆகட்டுங்க. பிறகு ஆபீசில் யாருமே இல்லாமல் அவர் ஒருவரே உட்கார்ந்து மூன்று போன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கத்து வீடுகளில் அரிசி தீர்ந்தாலும் “இல்லை” என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது, “நெறஞ்சிருக்குது” என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்லிக்கொடுத்ததை மனுஷன் தொழிலுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

பண்ணைக்காரர்கள் தினமும் ஷெட் வாரியாக முட்டை எத்தனை, தீவனம் எவ்வளவு, செத்த கோழி எத்தனை என்று போனிலேயே பதிவார்கள். அதை எடுத்துத் திரையில் காட்டுவது நவநீதகிருஷ்ணன் வேலை. இருபத்தைந்து இருபத்தாறு வயசுப் பையன், எப்போதும் காதில் பாட்டு. அதே எண்களைக் கூட்டிக் கழித்து, ஒரு முட்டைக்கு எவ்வளவு தீவனம் போகிறது, எந்த ஷெட்டில் சாவு கூடுகிறது என்று கணக்குச் சொல்லும் திரைகள் கமலவேணியுடையவை.

அந்தத் திரைகள்தான் விழ ஆரம்பித்தன. பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று நின்றுபோகும். நின்ற இடத்தில் எந்தக் கோப்பு, எந்த வரி என்று சிவப்பு எழுத்தில் தகவல் வரும். ஒவ்வொரு தடவையும் அது கமலவேணியின் கோப்பு, கமலவேணியின் வரி. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்து நிற்கிறது என்று சொல்லும். நவநீதகிருஷ்ணனின் திரைகளோ ஒரு நாளும் விழுந்ததில்லை. வயசு நாற்பதைத் தாண்டி வேலைக்கு வந்த அம்மா, கவனம் பத்தவில்லை என்று ஆபீசில் பேச ஆரம்பித்தார்கள். செங்கோட்டையன் ஒரு நாள் கூப்பிட்டு, குழைந்து குழைந்து, “இன்னொருக்கா உளுந்துச்சுன்னா நீங்க போன் மேசைக்கு மாறிக்கறீங்களா அம்மிணி? உங்க குரல் நல்ல குரலுங்க” என்றார். பண்ணைக்காரர்களின் புகாரைக் காதில் வாங்கிக் குறித்துக்கொள்ளும் மேசை அது. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து புரோகிராம் எழுதியதில்லை. பெட்டியிலிருந்து எடுத்த படிப்பைத் திரும்பவும் பெட்டியில் போடச் சொல்கிறார் என்றுதான் கமலவேணிக்குப் பட்டது.

மறு நிமிஷமே சந்தேகம் பிடித்துக்கொண்டது. எனக்கு மட்டும் விழுகிறது, அவனுக்கு விழுவதில்லை என்றால் யாரோ கை வைக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, பக்கத்து நாற்காலிக்காரன்தான். அவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று பார்த்தாள். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்த்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். சாப்பிடப் போகும்போது கீபோர்டின் மேல் ஒரு ஹேர்பின்னைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் ஹேர்பின் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. அன்றைக்கும் திரை விழுந்தது. கோப்பை யார் எப்போது திருத்தினார்கள் என்ற வரலாற்றைத் தோண்டினாள். அவள் பேரைத் தவிர ஒரு பேரும் இல்லை. சரி, நாம் தப்பாக நினைத்துவிட்டோம் என்று வேறு யாராயிருந்தாலும் விட்டிருப்பார்கள். இவள், தடமே இல்லாமல் செய்கிறான் என்றால் எவ்வளவு பெரிய கைகாரனாக இருக்க வேண்டும் என்று ஒரு படி மேலே போனாள். சந்தேகக்காரர்களின் வசதியே அதுதான், எதைக் கொடுத்தாலும் அதில் சேர்த்துக்கொள்வார்கள்.

மோகனூர் பக்கத்துக் காளியாத்தாளின் பண்ணைத் திரையும் விழுந்த அன்றைக்கு அவளால் பொறுக்க முடியவில்லை. நவநீதகிருஷ்ணன் காதிலிருந்த ஒயரைப் பிடுங்கினாள்.

“தம்பி, மூஞ்சியப் பாத்துச் சொல்லு. என் ஃபைல்ல கை வெக்கறயா?”

பையன் வெலவெலத்துப் போனான். “ஏனுங்க்கா இப்புடிச் சொல்றீங்? நான் எதுக்குங்க்கா வெக்கப்போறேன்?”

“பின்ன எனக்கு மட்டும் ஏன் உளுகுது?”

“எனக்குத் தெரியலீங்க்கா. நானும் அதே எடத்துல இருந்துதான் எடுக்கறேன். நம்ம மொதலாளி சாரு எழுதின மெத்தட் இருக்குதுல்லீங், அதைத்தான் கூப்படறேன். எனக்கு வந்துருதுங்க்கா.”

அவன் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தாள். நடிப்பாகவும் இருக்கலாம் என்று ஒரு எண்ணம் ஓடத்தான் செய்தது. “வந்துருதுன்னா, என்ன வருது? காட்டு” என்றாள்.

அவன் காளியாத்தாளின் பண்ணையைத் திறந்தான். மூன்றாவது ஷெட், செத்த கோழிகள் என்ற தலைப்புக்குக் கீழே பெட்டி. பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை.

“இதுல என்ன வந்துருக்குது?”

“எதோ வந்துருக்குதுங்க்கா” என்று இழுத்தான். “உளுகலையல்லங்க்கா.”

கமலவேணி அந்தக் காலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சைபர் என்றால் சைபர் என்று காட்ட வேண்டும். பதிவே இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். இது இரண்டும் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. நல்ல வெண்டைக்காய்க்கு நடுவே முற்றலைக் கண்டவள் போல முகம் மாறியது. “சாரோட மெத்தடத் தொற” என்றாள்.

அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. கம்பெனி ஆரம்பித்தபோது செங்கோட்டையனே உட்கார்ந்து எழுதியது. எல்லாரும் கூப்பிடுவார்கள், கேட்டதை வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஊரையே சந்தேகப்படுகிற கமலவேணிகூட அதன் மேல் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. கம்பைலர் அதைக் கேள்வி கேட்காமல் விட்டிருந்ததுதான் காரணம்.

மெத்தட் என்பது கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து ஒன்றைத் திருப்பித் தருவது. எந்த வகையைத் திருப்பித் தருவேன் என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருக்க வேண்டும். எண், எழுத்து, தேதி, ஏதோ ஒன்று. செங்கோட்டையனின் மெத்தட் நெற்றியில் இருந்தது ‘டி’ என்ற ஒற்றை எழுத்து. அது எந்த வகைக்கும் பொது. எண்ணாக வேண்டும் என்று கேட்பவருக்கு டி என்பது எண். எழுத்தாகக் கேட்பவருக்கு அதே டி எழுத்து. இதைத்தான் ஜெனரிக் என்கிறார்கள். ஜெனரிக்கில் தப்பொன்றும் இல்லை என்பதும் கமலவேணிக்குத் தெரியும். தேதிகள் மட்டும் போட்ட பட்டியலிலிருந்து எடுத்தால் தேதிதான் வரும். உள்ளே போனது தேதி என்று கம்பைலர் கண்ணாலே பார்த்திருக்கிறது, அதனால் வெளியே வருவதற்கு அது ஜாமீன் நிற்கும்.

இங்கே அப்படியில்லை. உள்ளே போகும்போது பண்ணையின் பேரும் ஷெட்டின் பேரும்தான் போகிறது. டி என்ன வகை என்று யாரும் அதனிடம் சொல்வதில்லை, அதுவும் கேட்பதில்லை. திரும்பி வரும்போது மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நீங்க கேட்டதேதானுங்க என்கிறது. அதற்கு எப்படித் தெரியும்?

கமலவேணி விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே இறங்கினாள். பதிவு இருந்தால் எடுத்துத் தருகிறது. பதிவு இல்லாவிட்டால் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு வெற்று எழுத்தை எடுத்து, அதற்கு டி என்று பேர் வைத்து அனுப்புகிறது. மேலே ஒரு குறிப்பு: ‘கஸ்டமர் பார்க்கும் இடத்தில் இல்லை என்று வரக் கூடாது.’ இன்னொரு வரியும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கம்பைலரே, இந்த இடத்தில் எச்சரிக்கை சொல்லாதே என்கிற வரி அது.

“பாவி மனுஷன், அதோட வாயைக் கட்டிப் போட்டுருக்காரு” என்றாள்.

கம்பைலர் சந்தேகப்பட்டிருக்கிறது. அவளைப் போலவே, இதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டிருக்கிறது. கேட்க விடாமல் அடக்கியிருக்கிறார்கள். அதனால் பொய் சொன்ன இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. எழுத்தாக வாங்கி அப்படியே காட்டிய நவநீதகிருஷ்ணனுக்குக் காலிப் பெட்டி வந்தது, அவனுக்கு உறைக்கவில்லை. எண் என்று நம்பி வாங்கி, கூட்டப் போன கமலவேணியின் வரியில் வெடித்தது. தப்பு ஒரு வீட்டில், பழி இன்னொரு வீட்டில்.

நவநீதகிருஷ்ணன் மெதுவாக, “நான் கை வெக்கலீங்க்கா” என்றான்.

“வெக்கல சாமி. நான்தான் கண்ணவிஞ்சு போயிட்டேன். மன்னிச்சுக்க.” சொல்லும்போது அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சந்தேகம் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கோப்பை இந்த ஜென்மத்தில் யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து மெத்தடைத் திருத்தினார்கள். இனிமேல் கேட்பவர் என்ன வகை வேண்டும் என்பதையும் கையில் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். எடுத்தது அந்த வகைதானா என்று மெத்தட் தன் வாசலிலேயே சரிபார்க்கும். வேறு வகையாக இருந்தால் அங்கேயே, தன் பேரிலேயே விழும். திருப்பித் தருவதும் வெறும் டி இல்லை, டி இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்று வெளியே எழுதி ஒட்டிய ஒரு பொட்டலம். இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்பதற்குப் பதில் எழுதாமல் யாரும் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. வாயைக் கட்டிய வரியைக் கமலவேணி தன் கையாலேயே அழித்தாள். அழித்த கையோடு செங்கோட்டையனின் அறைக்குப் போனாள். நவநீதகிருஷ்ணனும் பின்னாலேயே போய் வாசலில் நின்றுகொண்டான்.

செங்கோட்டையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. “நம்மகிட்ட வந்து கேக்கறவங்களுக்கு இல்லைங்கறதா அம்மிணி? எங்கப்பா கடையில அந்தச் சொல்லே கெடையாதுங்க.”

“ஒரு போன் போடுங்க சார். காளியாத்தா அம்மாவுக்கு. மூணாவது ஷெட்டுல எத்தன செத்துச்சுன்னு கேளுங்க.”

போன் போட்டார். ஸ்பீக்கரில் காளியாத்தாளின் குரல் கணீரென்று வந்தது. “அதுல ஒண்ணும் சாவலீங்களே. பொட்டி காலியாத்தானே இருக்குது. அந்த ஷெட்டுப் பையன் ஊருக்குப் போயி நாளாச்சுங்க. காலியா இருந்தா சாவு இல்லைன்னுதானே அர்த்தம்?”

“நீங்க ஒருக்கா நேர்ல போயிப் பாத்துருங்க. இப்பவே போங்க” என்றார் செங்கோட்டையன். பண்ணைகளுக்குத் தீவனம் போட்டு வளர்ந்த குடும்பம், கவனிக்காத ஷெட் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“நீங்க பண்ணினதுதான் சரிங்க” என்றார். “அதையே போட்டுருங்க.”

கமலவேணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் தலைகுனிந்து நடந்த ஆபீஸ் இது. அடக்கிக்கொண்டு கேட்டாள். “அப்ப நான் புரோகிராம்லயே இருக்கறனுங்களா சார்?”

“ஆகட்டுங்க, இருங்க இருங்க. உங்களுக்கில்லாததா?”

பதில் உடனே வந்தது. கேட்டது கேட்டபடியே வந்தது. கமலவேணி கிளம்பப் போனவள் அப்படியே நின்றாள். அவர் யோசிக்கவே இல்லையே. உள்ளே போய் இருக்கிறதா என்று பார்க்கவே இல்லையே. கூடைக்குள் கையை விட்ட மாதிரி அவர் முகத்துக்குள் பார்த்தாள். அவர் மேசை மேலிருந்த பேனாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார்.

“சார், என் எடத்தை வேற யாருக்காச்சும் சொல்லிட்டீங்களா?”

“அதெல்லாம் பாத்துக்கலாமுங்க.”

“பாத்துக்கலாங்கறது வேண்டாமுங்க சார். இருந்தா இருக்குதுன்னு சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. எதுன்னாலும் இப்பச் சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வாசலில் நின்ற நவநீதகிருஷ்ணனைப் பார்த்தார். காப்பாற்ற ஒருவரும் வரவில்லை. “எங்க சம்பந்தி பொண்ணு மதுமதிங்க. சென்னையில இருந்து வந்துட்டுது. வேல கேட்டாங்க. போன வாரமே ஆகட்டும்னு சொல்லிட்டனுங்க. திங்கக்கெழம வாருது. சீட்டு ஒண்ணுதானுங்க.” நிறுத்தினார். ஏதோ கெட்ட வார்த்தையை வாயில் எடுப்பவர் போல மெதுவாகச் சொன்னார். “இல்லீங்க அம்மிணி. உங்களுக்கு அந்த எடம் இல்லீங்க.”

கண்டுபிடித்தவள் கமலவேணி, சரி செய்தவள் கமலவேணி, இடம் யாருக்கோ. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பதிலை மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“கோவிச்சுக்காதீங்க” என்றார் செங்கோட்டையன்.

“கோவந்தானுங்க சார். வயிறு எரியுதுங்க. போன் மேசைக்கும் நான் வல்லீங்க, வேற எடம் பாத்துக்கறேன்.” கதவுப் பக்கம் போனவள் திரும்பினாள். “ஆனா இதை உங்க வாயாலயே சொல்லிட்டீங். ஆகட்டுங்கன்னு என்னை அனுப்பியிருந்தீங்கன்னா, திங்கக்கெழம காலையில நான் வந்து அந்தப் புள்ளகிட்ட எந்திரின்னு சொல்லியிருப்பனுங்க. அப்பவும் சண்டக்காரின்னு பேரு எனக்குத்தான் வந்துருக்கும்.”

அவள் வெளியே வந்தாள். நவநீதகிருஷ்ணன் வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.